காத்துக்காரியின் டீசல்

தன் கடையின் ரொட்டி வாசனையைத் தம்பி மனைவி திருடிவிட்டாள் என்று பேக்கரிக்காரி சொன்னபோது, சாப்பாட்டு மேசையில் இருந்த மற்ற மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். தம்பி சிரித்தான். விடுமுறை நாளில் தவறாமல் அந்த வீட்டுக்குச் சாப்பிட வரும், தம்பி மனைவியின் தொழில் கூட்டாளி சிரித்தான். திருடியதாகச் சொல்லப்பட்டவளும் சிரித்தாள். பேக்கரிக்காரி மட்டும் கரண்டியைத் தட்டின்மேல் வைத்துவிட்டு எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. தெருவுல போறவங்களைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்ததே அந்த வாசனைதான். இப்ப கடை வாசல்ல நின்னா வெறும் தூசி வாசனைதான் வருது. என் வாசனை எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும்."

அவள் பார்வை தம்பி மனைவியின் மேல் போய் நின்றது.

அந்தத் தம்பி மனைவியைத் தெருவில் எல்லாரும் காத்துக்காரி என்றுதான் சொல்வார்கள். படித்தது வேதிப்பொறியியல். செய்வது காற்றிலிருந்து டீசல். இதைக் கேட்கிறவர்கள் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். தண்ணீரில் கார் ஓட்டுகிறேன் என்று கிளம்புகிற ஆட்களோடு இவளையும் சேர்த்துவிடுவார்கள். ஆனால் அவள் வேலையில் மந்திரம் எதுவும் இல்லை. டீசல் எரிந்தால் கரியமில வாயு வருகிறது. அது போய்க் காற்றில் கலந்து கிடக்கிறது. அதைப் பிடித்துவந்து, தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த ஹைட்ரஜனோடு சேர்த்து, கொதிக்கும் சூட்டில் இருக்கும் குழாய்களுக்குள் விட்டால் மறுபடியும் எண்ணெயாகிவிடும். எரியும்போது அது கொடுத்த சக்தியை நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் அவர்களுடைய கூடத்தின் கூரை முழுக்கச் சூரியத் தகடுகள் பதித்திருந்தார்கள். ஆம்லெட்டைக் கோழிக்குத் தீனியாகப் போட்டு மறுபடி முட்டை வாங்குகிற வேலை என்று கூட்டாளி சொல்வான். அவன் அவளோடு ஒன்றாகப் படித்தவன். இயந்திரமும் மின்சாரமும் அவன் பொறுப்பு.

அந்தக் கூடத்தைக் கொடுத்ததே பேக்கரிக்காரிதான். பேக்கரிக்குப் பின்னால், ஒரு ஆள் மட்டும் நடக்கிற அளவு குறுகிய சந்து ஒன்றைத் தாண்டி, முன்பு மாவு மூட்டைகள் அடுக்கிவைத்த கிடங்கு ஒன்று சும்மா கிடந்தது. வேலைக்கு இடம் தேடித் தம்பி மனைவி அலைவதைப் பார்த்து, "பூட்டிக் கிடக்குற இடம்தானே, வந்து எதையாவது கொளுத்திப் பாருங்க" என்று சாவியை எடுத்துக் கையில் வைத்தாள். இரண்டு பக்கச் சுவர்கள் அண்டை வீட்டுச் சுவர்களோடு ஒட்டியிருந்தன. பின்பக்கச் சுவர் தடித்த கருங்கல். சந்துப் பக்கம் மட்டும் மூட்டை இறக்குவதற்கான பெரிய மரக்கதவு இருந்தது. அந்தக் கதவைக் கழற்றிவிட்டு அங்கே ஆள் உயர விசிறிகள் நான்கைப் பொருத்தினார்கள். விசிறிகள் இழுக்கிற காற்று, கடுகளவு வெள்ளை மணிகள் பரப்பிய தட்டுகளின் வழியே போகும். மணிகள் கரியமில வாயுவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். மணிகள் நிறைந்ததும் பெட்டியை மூடிச் சூடேற்றினால் பிடித்ததை விட்டுவிடும். அங்கிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து குழாய், குழாய் முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடிச் சாடி. அதில் சொட்டுச் சொட்டாக விழுவதுதான் டீசல். பச்சைத்தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். மோந்து பார்த்தால் மெழுகுவர்த்தியை நினைவுபடுத்தும் ஒரு மெல்லிய வாடை, வேறொன்றும் இல்லை.

அந்தச் சாடி அப்போதெல்லாம் நன்றாகவே நிறைந்துகொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததைவிட அதிகமாகவே நிறைந்தது. மணிகளின் தரம்தான் காரணம் என்று காத்துக்காரி நினைத்தாள். தான் பொருத்திய விசிறிகளின் வேகம்தான் காரணம் என்று கூட்டாளி நினைத்தான். நல்லது நடக்கும்போது யாரும் துருவித் துருவிக் கேட்பதில்லை.

காத்துக்காரியின் கணவன் நகரப் பேருந்து டிரைவர். மனைவி செய்யும் டீசலை ஒருநாள் தன் பஸ்ஸில் ஊற்றி ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. டிப்போ மேலாளரைப் பார்க்கும்போதெல்லாம் அதே பல்லவியைப் பாடினான். மேலாளரை டிரைவர்கள் 'மைனஸ் சார்' என்று கூப்பிடுவார்கள், அவருக்குத் தெரியாமல். யார் எந்தக் கணக்கைச் சொன்னாலும் அதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்கிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவரே டிரைவரின் தொல்லை தாங்காமல் ஒருநாள் கூடத்துக்கு வந்து பார்த்தார். கண்ணாடிச் சாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஒரு வாரம் விசிறி ஓடினால் கிடைக்கிற டீசலில் டிப்போவிலிருந்து பெரிய மருத்துவமனை வரை பஸ் போய்த் திரும்பிவிடும் என்று காத்துக்காரி சொன்னாள். அப்படியானால் ஓட்டிக் காட்டுங்கள் என்றார். உண்மையாக இருந்தால், டிப்போவின் மொட்டைமாடியில் பெரிதாக ஒன்று கட்டுவது பற்றி மேலிடத்தில் பேசுவதாகவும் சொன்னார்.

டிரைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. டிப்போவில் தேநீர் குடிக்கிற இடம், டயர் மாற்றுகிற இடம், சம்பளம் வாங்குகிற வரிசை என்று ஒரு இடம் விடாமல் சொல்லித் தீர்த்தான்.

இந்தச் சமயத்தில்தான் அக்காவின் வாசனைப் புகார் வந்தது.

சாப்பாட்டு மேசையில் சிரித்து முடித்த பிறகும் அது அடங்கவில்லை. பேக்கரிக்காரி முன்பு போலப் பின்கதவைத் திறந்து, "ஏம்மா, சூடா பன் எடுத்திருக்கேன், வா" என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். பார்த்தால் பேசினாள், ஆனால் அளந்து பேசினாள். டிரைவர் பாடுதான் திண்டாட்டம். காலையில் அக்கா கடையில் நின்றால் விசிறிகளைப் பற்றி முறையீடு. மாலையில் வீட்டுக்கு வந்தால், "உங்க அக்கா என்னை என்னன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க" என்று கேள்வி. இரண்டு இடத்திலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நழுவுவதற்கு அவன் பழகிக்கொண்டான். பஸ்ஸில் நெரிசலில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் தன்னைவிட வசதியாக இருப்பதாகக் கூட்டாளியிடம் சொன்னான்.

கடைசியில் காத்துக்காரி ஒரு முடிவுக்கு வந்தாள். நாத்தனார் சொல்வது தப்பு என்று அளந்து காட்டிவிட்டால் விவகாரம் தீர்ந்துவிடும். அடுப்புப் புகைபோக்கி கூரைக்கு மேலே இருக்கிறது, விசிறிகள் கீழே இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவில் சந்து. வாசனை எப்படி வரும்? காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கையடக்க மீட்டர் ஒன்று அவளிடம் இருந்தது. அடுப்பில் விறகு எரிகிறது, மாவு புளிக்கிறது. இரண்டிலிருந்தும் அந்த வாயு வரும். வாசனை போகிற பாதையில் அதுவும் போகும். மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கடை முன்வாசலில் ஒரு தரமும் விசிறிகளுக்கு முன்னால் ஒரு தரமும் நின்றால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

காலையில் இரண்டாவது சுற்று ரொட்டி வெந்துகொண்டிருந்த நேரம் அவள் பேக்கரிக்குள் போனாள். பேக்கரிக்காரி முழங்கை வரை மாவோடு நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகத்தில் ஒரு சிறு வெளிச்சம் தெரிந்தது. சண்டை போடுவதற்காவது ஆள் வந்ததே என்ற சந்தோஷமாக இருக்கலாம்.

முன்வாசலில் மீட்டர் சாதாரணக் காற்றின் அளவையே காட்டியது. பேக்கரிக்குள் நிறைய காட்டியது, அது எதிர்பார்த்ததுதான். பிறகு இருவரும் பின்கதவு வழியாகச் சந்துக்கு வந்தார்கள். விசிறிகளுக்கு முன்னால் மீட்டரைப் பிடித்த காத்துக்காரி, அதைத் தட்டிப் பார்த்தாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். எண் மாறவில்லை. முன்வாசலில் காட்டியதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

பேக்கரிக்காரிக்கு எண்களைப் பார்க்கத் தோன்றவில்லை. தம்பி மனைவியின் முகத்தைத்தான் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, உள்ளே போய் ஒரு கைப்பிடி மாவை அள்ளிக்கொண்டு வந்து, பின்வாசல் படியில் நின்று மேலே வீசினாள். மாவு அப்படியே கீழே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. வெள்ளைத் துணி ஒன்றை யாரோ மறுமுனையில் பிடித்து இழுப்பது போல நீளமாக நெளிந்து, சந்தைக் கடந்து, நேராக நான்கு விசிறிகளுக்குள்ளும் புகுந்தது. கூடத்துக்குள்ளிருந்து கூட்டாளி தும்மும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, நிற்காமல் தும்மிக்கொண்டே வெளியே வந்தான். புருவம், மீசை எல்லாம் வெள்ளை.

"வாசனை போற வழி இதுதான்" என்றாள் பேக்கரிக்காரி.

ஜெயித்தவளின் குரலாக அது இல்லை. ஏனென்றால் காத்துக்காரி படியில் உட்கார்ந்துவிட்டாள். வாசனையைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. சாடி ஏன் அவ்வளவு வேகமாக நிறைந்தது என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மணிகளும் காரணம் இல்லை, விசிறிகளும் காரணம் இல்லை. பேக்கரி அடுப்பும் புளித்த மாவும் சேர்ந்து சந்து முழுக்கக் கரியமில வாயுவை நிரப்பிக்கொண்டிருந்தன. விசிறிகள் பேக்கரியின் காற்றையே பின்பக்கமாக உறிஞ்சிக்கொண்டிருந்தன. புகைபோக்கியிலிருந்து கீழே இறங்கியதையும் சேர்த்து. வெட்டவெளிக் காற்றிலிருந்து செய்ததாக அவள் சொன்ன டீசலில் நல்ல பங்கு நாத்தனாரின் அடுப்பிலிருந்து வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து பேக்கரிக்காரி கேட்டபோது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மைனஸ் சாரிடம் சொன்ன கணக்கு, பஸ், மொட்டைமாடி. பேக்கரிக்காரி பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப அந்த டீசல்ல பாதி என்னோடதுன்னு சொல்லு."

"மூணுல ஒரு பங்கு இருக்கும் அண்ணி."

"அதுவே போதும். நான் ஒண்ணும் பேராசைக்காரி இல்ல."

காத்துக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசனைக்காக மன்னிப்புக் கேட்டாள். வாசனை கிடக்கட்டும், முதலில் உள்ளே வந்து எதையாவது சாப்பிடு என்று பேக்கரிக்காரி அவளை எழுப்பி அழைத்துக்கொண்டு போனாள். கூட்டாளிக்கு மூக்கைத் துடைக்க ஒரு துண்டும் கிடைத்தது.

பன்னை வாயில் அடக்கியபடியே கூட்டாளி ஒரு யோசனை சொன்னான். எதற்கு இதை வெளியே சொல்ல வேண்டும்? அடுப்பிலிருந்து வந்தாலும் அது காற்றில் கலந்த பிறகுதானே நாம் பிடித்தோம்? புகையும் காற்றுதானே? பஸ் எப்படியும் ஓடத்தான் போகிறது. ஒரு விஷயம் அவன் சொன்னதில் சரி: ஓடும். இருக்கிற டீசலில் போய்த் திரும்பத் தாராளமாக ஓடும்.

"டிப்போ மொட்டைமாடியில அண்ணி வந்து அடுப்பு வைப்பாங்களா?" என்று கேட்டாள் காத்துக்காரி.

கூட்டாளிக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே கட்டியபின் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். அதை நம்பி வண்டிகளை அனுப்பினால் நடுத்தெருவில் நிற்கும். மீதிப் பன்னை மென்று விழுங்கிவிட்டு, அப்படியானால் விசிறிகளை எங்கே மாற்றுவது என்று யோசிக்கத் தொடங்கினான். அவனிடம் அவளுக்குப் பிடித்தது அதுதான். வாதத்தில் தோற்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டான்; அடுத்த வேலையைப் பார்ப்பான்.

கணவனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்திருக்கிறான். மாலையில் அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாள். ஒரு ஷூவைக் கழற்றிய கையோடு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டு முடித்துவிட்டு மற்ற ஷூவையும் கழற்றி, இரண்டையும் சுவரோரம் ஒழுங்காக வைத்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான். "டிப்போவுல கொஞ்ச நாள் கிண்டல் பண்ணுவாங்க. போன மாசம் பூரா என் தொப்பையைத்தான் பண்ணிட்டு இருந்தாங்க. அதுக்கும் ஒரு ஓய்வு வேணும்ல."

மறுநாளே இருவரும் மேலாளரைப் பார்க்கப் போனார்கள். டிரைவர் கதவோரமாக நின்றுகொண்டான். காத்துக்காரி மீட்டர், மாவு, அடுப்பு என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். இதுவரை எடுத்த டீசலை ஒதுக்கிவைத்துவிட்டு, விசிறிகளை வெட்டவெளிப் பக்கம் மாற்றி, ஒரு வாரம் புதிதாக எடுத்து, அதைத்தான் பஸ்ஸில் ஊற்றப் போவதாகச் சொன்னாள். முன்பு சொன்ன அளவு கிடைக்காது என்றும் சொன்னாள்.

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன் காம்பைக் கடித்துக்கொண்டு யோசித்தார்.

"எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் கூட்டித்தான் சொல்வாங்க. நான் கழிச்சுக்குவேன். நீங்களே கழிச்சுட்டு வந்துட்டீங்க, இப்ப நான் என்ன பண்றது?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி, வண்டி எங்க நிக்கும்னு சொல்லுங்க" என்றார்.

சுவரில் பேருந்துத் தடங்களின் பெரிய படம் மாட்டியிருந்தது. அவள் எழுந்து போய் விரலை வைத்துக் காட்டினாள். மருத்துவமனை வரை போகும். திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தைத் தாண்டும். அடுத்த நிறுத்தமான நூலகத்துக்குப் போய்ச் சேராது. இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடும். கதவோரம் நின்ற டிரைவர் கண்ணை மூடிக்கொண்டான். தன் வண்டி நடுவழியில் நிற்கும் என்று தன் மனைவியே, அதுவும் மேலாளரிடம், விரல் வைத்துக் காட்டுவாள் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

விசிறிகளுக்காகப் பின்பக்கக் கருங்கல் சுவரை இடிக்கப் பேக்கரிக்காரி தயங்கவே இல்லை. கொத்தனாரை அவளே கூட்டிவந்தாள். முதல் அடியை நான்தான் அடிப்பேன் என்று சம்மட்டியை வாங்கி ஓங்கி ஒன்று வைத்தாள். சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. கை மட்டும் மரத்துப்போனது. மீதியைக் கொத்தனார் பார்த்துக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் விளையாட்டுத் திடல். காற்று தடையில்லாமல் வந்தது. சந்துப் பக்கத் திறப்பைப் பலகை வைத்து அடைத்தார்கள். அன்றைக்கே பேக்கரி முன்வாசலில் வாசனை வந்துவிட்டது. எதிர்ச்சாரியில் இருந்த தையல்காரர், ரொம்ப நாளாக ஊருக்குப் போயிருந்தீர்களா என்று பேக்கரிக்காரியிடம் கேட்டாராம்.

ஒதுக்கிவைத்த பழைய டீசலைப் பேக்கரியின் சரக்கு வேனுக்கு ஊற்றிவிட்டார்கள். தன் அடுப்புப் புகையிலேயே தன் ரொட்டி ஊர் சுற்றுவதாக வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பேக்கரிக்காரி பெருமைப்பட்டுக்கொண்டாள். மூன்றில் ஒரு பங்கு என்பது நாளுக்கு நாள் வளர்ந்து, அவள் பேச்சில் முக்கால் பங்காகிவிட்டது. யாரும் திருத்தவில்லை.

அந்த வாரம் சாடி மெதுவாகத்தான் நிறைந்தது. முன்பு மளமளவென்று விழுந்த சொட்டு, இப்போது யோசித்து யோசித்து விழுந்தது. காத்துக்காரி எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். பார்ப்பதால் வேகமாக விழாது என்று கூட்டாளி சொன்னால், தெரியும் என்பாள், எழுந்திருக்க மாட்டாள். ஒருநாள் பிற்பகல் வானம் மூடிக்கொண்டது. சூரியத் தகடுகள் தூங்கிவிட்டன. பாதி நாள் வேலை போயிற்று. மறுநாள் வெயில் அடித்தது, ஆனால் குழாய் ஒன்றில் மெழுகு அடைத்துக்கொண்டது. டீசல் செய்யும்போது கூடவே கொஞ்சம் மெழுகும் வரும். சூடு குறைந்தால் அது உறைந்து குழாயை அடைக்கும். கூட்டாளி முழங்கை வரை கையை விட்டு அதைச் சுரண்டி எடுத்தான். இதெல்லாமும் கணக்கில் சேர்ந்ததுதான் என்று காத்துக்காரி சொன்னாள். டிப்போ மாடியிலும் வானம் மூடத்தான் செய்யும்.

ஓட்டுகிற நாளில் டிப்போ மெக்கானிக் பஸ்ஸுக்கு அடியில் ஒரு சிறிய தனித் தொட்டியைப் பொருத்தி, அவர்கள் கொண்டுவந்ததை ஊற்றினார். பெரிய தொட்டியில் வழக்கமான டீசல் இருந்தது. டிரைவர் காலடியில் ஒரு திருகு வைத்திருந்தார்கள். சிறிய தொட்டியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் வண்டியை ஓரம் கட்டி, திருகைத் திருப்பி, பெரிய தொட்டிக்கு மாறிக்கொள்ளலாம். வழக்கமான பயணிகள்தான் ஏறினார்கள். மேலாளர் முன் இருக்கையில் உட்கார்ந்தார். பின்னால் காத்துக்காரியும் கூட்டாளியும். கடையைச் சாத்திவிட்டுப் பேக்கரிக்காரியும் வந்திருந்தாள். கடை திறந்த நாளிலிருந்து பட்டப்பகலில் அது பூட்டிக் கிடந்தது அன்றுதான்.

கிளம்புவதற்கு முன் டிரைவர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, இறக்கத்தில் எஞ்சினுக்கு ஓய்வு கொடுத்து, பிரேக்கைத் தொடாமல் பூப்போல ஓட்டினால் நூலகம் வரை கொண்டுபோய்விடலாம் என்று காதோடு காதாகச் சொன்னான். அவள் கூடாது என்றாள். தினமும் ஓட்டுகிற மாதிரி ஓட்டுங்கள் என்றாள். அவன் தலையாட்டினான். ஆனால் வண்டி தெருவுக்கு வந்ததும் மனம் கேட்கவில்லை. மாட்டுவண்டி வேகத்தில் உருட்டினான். சைக்கிள்காரர் ஒருவர் முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தார்.

மேலாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா, முட்டை ஏத்திட்டுப் போறியா?" என்று கேட்டார்.

பஸ்ஸே சிரித்தது. டிரைவருக்குக் காதுவரை சூடேறியது. அதற்கப்புறம் தன் வழக்கப்படியே ஓட்டினான்; வழக்கப்படி என்றால் நிறுத்தத்தில் நிற்பதும் கிளம்புவதும் ஒரே குலுக்கலாக. விஷயம் பயணிகளிடம் பரவிவிட்டது. இது காற்றில் செய்த டீசலாம், பாலத்தைத் தாண்டினால் தீர்ந்துவிடுமாம். மருத்துவமனையில் இறங்க வேண்டிய நர்ஸ் ஒருத்தி, டூட்டி இல்லையென்றால் கூடவே வருவேன் என்று வருத்தத்தோடு இறங்கினாள். திரும்பும்போது ஏறியவர்களுக்கும் யாரோ விளக்கிவிட்டார்கள். பாலம் கண்ணுக்குத் தெரிந்ததும் முன்பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாருக்கும் அந்த முள்ளைப் பார்க்க வேண்டும். பாதிப் பேர் நூலகம் வரை போகும் என்றார்கள், பாதிப் பேர் பாலத்திலேயே நிற்கும் என்றார்கள்.

பாலத்தில் நிற்கவில்லை. சரிவில் இறங்கி, சைக்கிள் கடையைத் தாண்டி, பல் டாக்டர் வீட்டைத் தாண்டிப் போனது. நூலகத்தின் மஞ்சள் சுவர் தூரத்தில் தெரிந்தது. டிரைவரின் முதுகு முன்னால் சாய்ந்தது, தள்ளியாவது கொண்டுபோய்விடுவது போல.

முள் சிவப்பைத் தொட்டது.

அவன் ஓரமாக நிறுத்தினான். பஸ் முழுக்க ஒரே நேரத்தில் 'ப்ச்' என்று ஒரு சத்தம். பேக்கரிக்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள். முன் இருக்கைக்காரர் ஒருவர் டிரைவரின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். அந்த நேரத்தில் கைதட்டும் சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். காத்துக்காரி எழுந்து நின்று, கண்ணெல்லாம் பளபளக்க, தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல் வைத்துக் காட்டிய இடம். பாலத்துக்கும் நூலகத்துக்கும் நடுவே, ஏறக்குறைய அதே இடம். மேகமும் மெழுகும் எல்லாம் போக, வெறும் காற்று கொடுத்தது இவ்வளவு. அவளுக்குத் தெரிந்திருந்தது, இப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

மேலாளர் இருக்கையில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து அவளைப் பார்த்தார்.

"முப்பது வருஷமா வண்டிங்களோட கிடக்குறேன்" என்றார். "வண்டி நின்னதுக்குக் கைதட்டுற ஆளை இப்பதான் பாக்குறேன்."

பிறகு அவரும் தட்டினார். காரணம் புரியாவிட்டாலும் பயணிகள் எல்லாரும் தட்டினார்கள். டிரைவர் திருகைத் திருப்பினான். வழக்கமான டீசலில் வண்டி இருமிக்கொண்டு கிளம்பியபோது, ஜன்னலோரம் இருந்த ஒருவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

டிப்போவில் இறங்கியதும் மேலாளர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, மாடியில் எத்தனை விசிறிகள் வைத்தால் ஒரு பஸ் நாள் முழுக்க ஓடும் என்பது. அவள் யோசித்துச் சொன்னாள். அவர் அதில் பாதியைக் கழிக்கவில்லை. மேலிடத்தில் பேசி முடிக்க அவருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அதுவரை மெழுகு அடைக்காமல் இருக்கக் குழாய்க்கு எப்படிப் போர்வை போர்த்துவது என்று கூட்டாளியும் அவளும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வீட்டில் டிரைவர் மட்டும் அவ்வப்போது முணுமுணுத்தான். அந்த முட்டைப் பேச்சு வராமல் இருந்திருந்தால் நூலகத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பானாம். அவள் மறுக்கவில்லை. அவன் சேர்த்திருப்பான் என்பது அவளுக்கும் தெரியும்.

மாடியில் வேலை தொடங்கிய நாள் கிரேன் வந்து விசிறிகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கியது. ஊரிலேயே உயரமான கட்டடங்களில் அதுவும் ஒன்று. மேலே பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காத அளவு காற்று. முதல் விசிறியைச் சட்டத்தில் மாட்டி, கூட்டாளி கட்டுக்கயிற்றை அவிழ்த்தான். மின்கம்பி இன்னும் கீழே சுருளாகக் கிடந்தது. அதற்குள் விசிறி தானாகவே சுற்ற ஆரம்பித்துவிட்டது, முதலில் சோம்பலாக, பிறகு வேகமாக. அவன் கம்பியைக் காட்டியும் விசிறியைக் காட்டியும் வாய்விட்டுச் சிரித்தான். என்ன சொன்னான் என்பது அவளுக்குக் கேட்கவில்லை.

கீழே டிப்போ வாசலில் ஒரு பஸ் காற்றையும் மீறித் தேவையில்லாமல் நீளமாக ஹாரன் அடித்தது. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக் கையசைத்தாள்.